அந்தச் சத்தத்தை எழுது

பாகியோ
21 அக்டோபர் 1996

ஆடிங் ஜெனோவேவாவுக்கு,

ஆஸ்பத்திரியில் என் காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொடை எலும்பு இரண்டு துண்டு. கைக்கும் வாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

முதல் வேலையாக டர்பைன் அறையைப் பூட்டு. சாவி உன்னிடம் மட்டும் இருக்கட்டும். வெள்ளத்தில் வந்த கல் உள்ளே புகுந்து சக்கரத்தின் இறக்கைகளை நொறுக்கிவிட்டது. அதை இனி யாராலும் நிமிர்த்த முடியாது. புதுச் சக்கரம் கேட்டு எங்கள் ஊர் இன்ஸ்ப்ரூக்குக்கு எழுதிவிட்டேன். மார்ச்சில் கப்பலில் வரும். அதுவரை உங்கள் டாலிமுக் ஊர் மண்ணெண்ணெய் விளக்கில் இருக்கட்டும். நான் வருவதற்கு முன்பும் அப்படித்தானே இருந்தீர்கள்.

வாய்க்கால் வேலை பார்க்கிற ஃபெலிமோனை அந்தப் பக்கமே விடாதே. வாய்க்கால் முகப்பில் இரும்புச் சட்டம் அடித்து வலையைப் பொருத்து என்று அவனிடம் மழைக்காலம் முழுக்கச் சொன்னேன். அவன் வேலிக்கம்பியால் கட்டிவிட்டு 'புவேடே நா' என்றான். போதும், இதுவே ஓடும் என்று. உங்கள் நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அது. தங்கைக்கு 'ஆடிங்', அண்ணனுக்கு 'மானோங்' எல்லாம் அப்புறம்தான். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் கத்தியது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

கடிதத்தைப் பொந்தோக் பஸ்ஸில் கொடுத்தால் அங்கிருந்து உங்கள் ஜீப்னி வண்டிக் கண்டக்டர் பெப்பிங் கொண்டுவந்து சேர்ப்பான் என்று நர்ஸ் சொல்கிறாள். பதிலையும் அவனிடமே கொடு.

அலோய்ஸ்


டாலிமுக்
27 அக்டோபர்

மானோங் அலோய்ஸ்,

பூட்டச் சொன்னீர்கள். கதவு இல்லை. நீங்கள் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்தபோது உங்களைத் தூக்குவதற்கு அந்தக் கதவைத்தான் கழற்றினோம். மூங்கில் வைத்துக் காலைக் கட்டி, உங்களை அதில் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். தன் மூலையைக் கடைசிவரை யாருக்கும் மாற்றிக் கொடுக்காமல் சுமந்தவன் ஃபெலிமோன். நீங்கள் இருந்த வலியில் கவனித்திருக்க மாட்டீர்கள். கதவு இப்போது பொந்தோக் சந்தையில் இருக்கிறது. அதன்மேல் முட்டைக்கோஸ் அடுக்கி விற்கிறார்களாம்.

கத்தியதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். "உங்க ஊரே கம்பியில கட்டித்தான் ஓடுது" என்றீர்கள். ஃபெலிமோனைத் திட்டியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். அந்த வலைக்காக உங்களுக்கு முன்பே அவனிடம் சண்டை போட்டவள் நான். நீங்கள் ஊரைச் சொன்னீர்கள். அந்த ஊரில் நானும் இருக்கிறேன்.

மார்ச் வரை என்னால் காத்திருக்க முடியாது. நவம்பர் கடைசியில் அறுப்பு. நெல் மில் ஓடாவிட்டால் பெண்கள் மறுபடியும் உலக்கையைத் தூக்க வேண்டும். என் அக்கா டெக்லாவுக்கு இப்போதே வலது கை தலைக்கு மேல் எழும்புவதில்லை. அதோடு டிசம்பர் நடுவில் டர்பைன் கொடுத்த உங்கள் அறக்கட்டளையிலிருந்து ஆள் வருகிறார். நம் டர்பைன் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாவ் ஊருக்கும் ஒன்று தருவார்கள். நின்றுபோன இயந்திரத்தைக் காட்டி அம்பாவ்காரர்கள் வாயில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை.

சக்கரத்தை நானே செய்யப்போகிறேன்.

ஜெனோவேவா


பாகியோ
3 நவம்பர்

ஆடிங்,

செய்யாதே. டர்பைன் ஒன்றும் ஜீப்னி அல்ல, கிடைத்ததை வெட்டி ஒட்டுவதற்கு. இறக்கையின் வளைவு கொஞ்சம் தப்பினாலும் தண்ணீர் பாதி வேலையைத்தான் செய்யும். சக்கரம் கழன்றால் அறையில் நிற்பவன் தலை போகும்.

கோபத்தில் எழுதவில்லை. இங்கே எனக்குக் கோபப்பட நேரம் இல்லை. அத்தனை பேர் என்னைக் கவனிக்கிறார்கள். எட்டு வருஷம் உங்கள் மலையில் இருந்தும், ஓரிடத்தில் கிடந்து உங்கள் ஆட்களைப் பார்த்தது இப்போதுதான். என் காலை இழுத்துப் பிடிக்க எடை வேண்டும். வார்டில் எடைக்கல் போதவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஒரு பெயிண்ட் டப்பாவில் மணலைக் கொட்டி, சந்தைத் தராசில் நிறுத்து எடுத்து வந்தாள். டாக்டர் சரிபார்த்துத் தலையை ஆட்டினார். இப்போது வார்டில் பாதிக் கால்கள் பெயிண்ட் டப்பாவில்தான் தொங்குகின்றன.

நர்ஸ் ரொவேனா அடுத்த வருஷம் சவூதி போகிறாள். ஊசி போடும்போது அரபியில் ஒன்று இரண்டு எண்ணுகிறாள். "வலிக்குதா சார்? வலிச்சா அரபில கத்துங்க, எனக்கும் பழகும்" என்கிறாள். வாசல் காவலாளி வேலை முடிந்ததும் கத்தரிக்கோலோடு வந்து நோயாளிகளுக்கு முடி வெட்டுகிறான். எனக்கும் வெட்டினான். கண்ணாடி பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. எனக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் கட்டிலுக்கடியில் படுத்திருக்கும் யார் யாரோ உறவுக்காரர்கள் என்னையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என் சட்டையைத் துவைக்கிறாள், ஒருத்தர் சோறு வைக்கிறார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் ஜனங்களின் சாமர்த்தியத்தை எங்கள் ஊருக்கு எழுதினால் கதை விடுகிறேன் என்பார்கள். ஆனால் சாமர்த்தியத்தால் டர்பைன் ஓடாது. அதற்குக் கணக்கு வேண்டும். காத்திரு.

அலோய்ஸ்


பொந்தோக்
9 நவம்பர்

மானோங்,

உங்கள் கடிதத்தை இங்கே ஆல்பினோவின் பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். ஜீப்னிக்கு பாடி கட்டுகிற ஆல்பினோ. 'ஜீப்னி அல்ல' என்ற வரியை அவரிடம் படித்துக் காட்டவில்லை.

சாமர்த்தியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு எரிகிறது. உங்கள் ஊர் மலையில் ஒருவன் பனியில் மாட்டிக்கொண்டு கையில் இருப்பதை வைத்து ஒரு பாலம் கட்டினால் அதைப் பொறியியல் என்கிறீர்கள். அதையே நாங்கள் செய்தால் சாமர்த்தியம், சிரித்த முகம், கஷ்டத்திலும் பாடுகிற ஜனங்கள். பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பிய அந்த அம்மா எடையைச் சரியாக நிறுத்தித்தானே கொண்டுவந்தாள்? கணக்கு இல்லாமலா டாக்டர் தலையாட்டினார்? நானும் பாகியோவில் ஐந்து வருஷம் படித்தேன், மானோங். நீங்கள் படுத்திருக்கிற இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி.

சக்கரம் பாதி வந்துவிட்டது. மூடிப்போன சுரங்கத்தின் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் வெட்டினால் இறக்கைக்கு வேண்டிய வளைவு கிடைக்கிறது. எந்தக் குழாய், எந்த அகலம் என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன். இறக்கைகளை இரு பக்கமும் பிடிக்கிற தட்டுகள் பாலம் கட்டி மிஞ்சிய இரும்பு. பெரிய அட்டையில் இறக்கை இருக்க வேண்டிய கோணத்தை வரைந்து வெட்டி வைத்திருக்கிறேன். அதை ஒட்டிப் பார்க்காமல் ஆல்பினோ ஒரு பொட்டு வெல்டிங்கூட வைப்பதில்லை. நேற்று சொன்னார்: "இஞ்சினியர், ஜீப்பு பாடி கோணலா இருந்தா ஜனங்க ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துக்குவாங்க. தண்ணி அப்படி உக்காராதே."

என் கணக்குகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அனுமதி கேட்கவில்லை. ஒரு இஞ்சினியர் இன்னொரு இஞ்சினியரிடம் கேட்பதுபோல் கேட்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜெனோவேவா


பாகியோ
14 நவம்பர்

ஆடிங்,

கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை நீ தப்பு செய்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போட்டேன். கோணம் சரி. இறக்கைகளின் எண்ணிக்கை சரி. சக்கரம் சுற்றுகிற தண்டின் தடிமன் மட்டும் போதாது. ஒரு அளவு கூட்டு. வெல்டிங் செய்யும்போது ஒரு இறக்கை வைத்தால் அடுத்ததை எதிர்ப்பக்கம் வைக்கச் சொல். வரிசையாக வைத்தால் சூட்டில் தட்டு வளைந்துவிடும். இதுவும் ஆல்பினோவுக்கு முன்பே தெரியும் என்று நீ எழுதுவாய். எழுதிக்கொள்.

எலும்பு நேராகச் சேரவில்லையாம். அறுத்து உள்ளே உலோகப் பட்டை வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர் பகுயோன். அறக்கட்டளை என்னை இன்ஸ்ப்ரூக்குக்கு அழைக்கிறது. டிசம்பர் கடைசியில் விமானம். அங்கே போனால் திரும்பி வருவேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. இந்த வயதில் உடைந்த காலோடு வருகிறவனை மறுபடி மலைக்கு அனுப்ப மாட்டார்கள்.

இதை ரொவேனாவிடம் சொன்னேன். "போங்க சார், அங்க நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அங்க பாத்துக்கறதும் எங்க ஊர் பொண்ணுங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அலோய்ஸ்


டாலிமுக்
24 நவம்பர்

மானோங்,

நல்ல செய்தி எழுத ஆசைதான். இல்லை.

சக்கரத்தை மூங்கில் கம்பில் கட்டி மேலே தூக்கி வந்தார்கள். இரண்டு கத்திகளின் கூர்விளிம்பில் தண்டை வைத்து உருட்டி, கனத்த பக்கம் கீழே போகாதவரை சரிசெய்தேன். நேற்று தண்ணீரைத் திறந்தோம். விளக்கு எரிந்தது. மில் ஓடியது. டெக்லா முதல் கூடை நெல்லைக் கொட்டினாள். யாரோ விருந்துக்குப் பன்றியைப் பிடிக்க ஓடினார்கள். எனக்கு மட்டும் காலடியில் தரை நடுங்குவது தெரிந்தது. தண்டைத் தாங்குகிற சுவர்ப்பக்கத்து பேரிங்கைத் தொட்டால் கை சுட்டது.

"ஓடுதில்ல? புவேடே நா" என்றார்கள். ஒருவர் அல்ல, ஊரே சொன்னது. அறுப்பு முடியும் வரை ஓடினால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நான் போய் வால்வை மூடினேன். விளக்கு அணைந்தது. டெக்லா கூடையைக் கீழே போட்டுவிட்டு, "நீ எங்கள உலக்கையிலயே சாகச் சொல்றியா?" என்றாள். என் சொந்த அக்கா. எனக்கும் குரல் ஏறிவிட்டது. "போதும் போதும்னு சொல்லித்தான் போன சக்கரத்தைத் தொலைச்சோம். இது போதாது. சரியா இருந்தாத்தான் ஓட்டுவேன்." ஃபெலிமோன்தான் மெதுவாகச் சொன்னான்: "மானோங் பாகியோல படுத்திருக்காருன்னு நெனச்சேன். இங்க உங்க தொண்டைக்குள்ளதான் இருக்காரு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நடுக்கம் ஏன் என்று தெரியவில்லை. சக்கரத்தைக் கழற்றி மறுபடி உருட்டிப் பார்த்தேன், சமமாகத்தான் இருக்கிறது. மாட்டினால் நடுங்குகிறது. பெண்கள் இன்று காலை உலக்கையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஜெனோவேவா


பாகியோ
28 நவம்பர்

ஆடிங்,

மூடியது சரி. யார் எவ்வளவு திட்டினாலும் சரி.

நான் அங்கே இருந்தால் அறைக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன். காதால் கேட்க வேண்டிய விஷயம் இது. அதனால் அந்தச் சத்தத்தை எழுது. எப்போது தொடங்குகிறது, தண்ணீர் கூடக்கூட மாறுகிறதா, மில்லின் பெல்ட்டைக் கழற்றினால் நிற்கிறதா, மற்ற பேரிங்கும் சுடுகிறதா. அழகாக எழுத வேண்டாம். கேட்டபடி எழுது.

அலோய்ஸ்


டாலிமுக்
2 டிசம்பர்

மானோங்,

சத்தத்தை எழுதுவது கஷ்டமாக இருந்தது. சர்ச் பாடகர் குழுவில் ஃபெலிமோன் அடிக்குரல் பாடுகிறவன். அவனைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவன் கண்ணை மூடிக் கேட்டு, வெளியே வந்து பாடிக் காட்டினான். நான் அதைக் கேட்டு எழுதுகிறேன்.

தொடக்கத்தில் ஒன்றுமில்லை. வால்வு பாதி திறந்ததும் 'ஊம்' என்று அடியிலிருந்து வருகிறது. சக்கரத்திலிருந்து இல்லை, தரையிலிருந்து வருகிறது என்கிறான் ஃபெலிமோன். முழுதாகத் திறந்தால் அதோடு 'டக்' என்று ஒரு அடி, ஒரு சுற்றுக்கு ஒன்று. பெல்ட்டைக் கழற்றினாலும் போகவில்லை. சுவர்ப்பக்கத்து பேரிங் மட்டும்தான் சுடுகிறது. வாசல் பக்கம் பச்சைத் தண்ணீர்போல் இருக்கிறது.

கேட்டபடி எழுதியிருக்கிறேன்.

ஜெனோவேவா


பாகியோ
5 டிசம்பர்

ஆடிங்,

உன் சக்கரத்தில் குறை இல்லை. இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அடித்தளம் சாய்ந்திருக்கிறது. வெள்ளம் சுவர்ப்பக்கம் சிமெண்ட்டுக்குக் கீழே மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு. தண்டு நேராக இருக்கப் பார்க்கிறது, பேரிங் விடுவதில்லை, அதுதான் சூடு. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் மட்டம் பார். பிறகு சுவரோரம் தோண்டு. வெற்றிடம் இருக்கும். கல் அடுக்கிச் சிமெண்ட் போடு, நாலு நாள் தொடாதே. அதன்பிறகும் மிஞ்சுகிற சிறு வித்தியாசத்துக்கு பேரிங் அடியில் மெல்லிய எஃகுத் தகடு வைத்து மட்டம் கொண்டுவா.

தரையிலிருந்து வருகிறது என்று சொன்னானே ஃபெலிமோன், அவனிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல். என்னைச் சுமந்ததற்கும் சேர்த்து.

விமானம் 28-ஆம் தேதி.

அலோய்ஸ்


டாலிமுக்
17 டிசம்பர்

மானோங்,

ஓடுகிறது. தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தை பேரிங் மேல் வைத்தேன், அலை எழவில்லை. மூன்று நாளாக மில் நிற்கவில்லை. டெக்லா என்னோடு பேசுகிறாள். அதாவது, திட்டுகிறாள்.

நீங்கள் சொன்ன இடத்தில் தோண்டினோம். ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் குழி. மெல்லிய எஃகுத் தகடு என்றீர்கள். மத்தி மீன் டப்பாக்களை விரித்து வெட்டி, ஒவ்வொன்றின் தடிமனையும் கருவி வைத்து அளந்து அடுக்கினேன். இதைச் சாமர்த்தியம் என்று எழுதினால் பதில் போட மாட்டேன். வாய்க்கால் முகப்பில் இப்போது இரும்புச் சட்டம் இருக்கிறது. ஃபெலிமோன் பொந்தோக்குக்குப் போய் ஆல்பினோவிடம் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்து தானே வைத்தான். ஆறு கம்பி கோணல். நான் சொல்லாமலே பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தான்.

நேற்று உங்கள் அறக்கட்டளையின் ஆள் வந்தார். மரியாதையான மனிதர். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தயாரித்தவர் பெயர்த் தகட்டைத் தேடினார். "எந்தக் கம்பெனி?" என்றார். "பொந்தோக்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, ஆனால் சான்றிதழ் இல்லாத சக்கரத்தை வைத்து அடுத்த ஊருக்குப் பரிந்துரை எழுத விதியில் இடமில்லை என்றார். உங்கள் ஊர்ச் சக்கரம் வந்து மாட்டிய பிறகு, அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

அம்பாவிலிருந்து வந்திருந்தவர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கிளம்பிப் போன பிறகு அவர்களில் பாசிலியோ என்பவர் கேட்டார்: "இஞ்சினியர், கோணம் பார்க்க ஒரு அட்டை வெட்டுனீங்களாமே. அது இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன். "அப்ப அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு?" என்றார்.

செய்யப்போகிறோம், மானோங். குழாய் சுரங்கத்தில் இன்னும் கிடக்கிறது. கேட்டிருக்கிறேன், தருகிறார்கள். ஜெனரேட்டருக்குப் பதில் ஒரு பழைய மோட்டாரைத் திருப்பி ஓட்டலாம், கணக்குப் போட்டுவிட்டேன். ஆல்பினோ சரி என்றுவிட்டார். நீங்கள் வந்தால் என் கணக்கைச் சரிபார்க்க ஒரு ஆள் இருப்பார். வராவிட்டாலும் செய்வோம். இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது.

ஜெனோவேவா


பாகியோ
21 டிசம்பர்

ஆடிங் ஜெனோவேவாவுக்கு,

அம்பாவ் ஓடையில் தண்ணீர் விழுகிற உயரத்தை ஒருவரே அளக்கக் கூடாது. நீ ஒரு தடவை, ஃபெலிமோன் ஒரு தடவை, தனித்தனியாக அளந்து எனக்கு அனுப்புங்கள். வறண்ட மாதத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அங்கே துணி துவைக்கிற பெண்களிடம் கேள். எந்தக் கல் வரை நனையும் என்று காட்டுவார்கள். அளவுகள் வந்ததும் குழாயின் கணக்கை நான் போடுகிறேன். நீ தனியாகப் போடு. இரண்டும் ஒத்துவந்தால் குழாயை எடுக்கலாம்.

அறக்கட்டளைக்கு நேற்று எழுதிவிட்டேன். விமானம் வேண்டாம் என்று.

ரொவேனா கட்டிலருகில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "சார், நல்லா யோசிச்சீங்களா? அங்க பெரிய பெரிய ஆஸ்பத்திரி." யோசித்தேன் என்றேன். அவள் போய் டாக்டர் பகுயோனைக் கூட்டி வந்தாள். நல்ல உயரம், அதிகம் பேசாத மனிதர். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் என் தொடை எலும்பை வரைந்தார். பட்டை எங்கே உட்காரும், ஒவ்வொரு திருகும் எந்தப் பக்கமிருந்து எந்தக் கோணத்தில் போகும், எது முதலில், எது கடைசியில். நான் நாலைந்து கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் கணக்கோடு பதில் வந்தது.

அவர் போன பிறகு அந்த வரைபடத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். பென்சிலும் கையில் இருந்தது. திருத்த ஒன்றுமில்லை.

ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை முதல் ஆள் நான்.

அலோய்ஸ்